வலது ட்வீட்டர் பழுதில்லை

"வலது ட்வீட்டர் செத்துவிட்டது" என்றாள்
பூட்ஸ் பனியை என் கடைவாசலில் உதறியபடி.
பழைய வோல்வோ.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
யோயென்சூவில் ஜனவரி என்றால்
மூன்றரைக்கெல்லாம் பகல் கடையைக் கட்டிவிடும்.
நான் ஆறு வரை.

கதவுத் தகட்டைக் கழற்றினேன்.
ஒன்றரை வோல்ட் பாட்டரியால் கம்பியைத் தொட்டேன்.
டிக் என்றது.
செத்தது டிக் என்று சொல்லாது.

ஹெல்வி கர்வோனென்.
நகர வாத்தியக் குழுவில் இரும்பு முக்கோணம் வாசிக்கிறாள்.
"வாசிக்கிறேன் என்பதைவிடக் காத்திருக்கிறேன்" என்று திருத்தினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு தாளக்கட்டுகளை
உதட்டுக்குள் எண்ணியபடி நின்று
எக்காளங்கள் உச்சிக்கு ஏறும் இடத்தில்
ஒரே ஒரு அடி.
அதற்குத்தான் கறுப்பு உடை.
அதற்குத்தான் பஸ் பிடித்து ஒத்திகை.
கோல் பிடித்தவர் அவளைப் பார்ப்பதும்
மாலை முழுவதிலும் அந்த ஒருமுறைதான்.

மைத்துனன் குறுந்தட்டைச் சுருக்கி
பென்டிரைவில் போட்டுத் தந்திருக்கிறான்.
காரில் அந்த இடம் வருகிறது,
எக்காளம் வருகிறது,
அவள் வரவில்லை.

கோப்பைத் திறந்தேன்.
நொடிக்குத் தொண்ணூற்றாறு கிலோபிட்.
சாவு நடந்த இடம் தெரிந்துவிட்டது.

எப்படிச் சொல்வது?
சுருக்கும்போது ஒரு கணக்கு நடக்கும், என்றேன்.
பெரிய சத்தத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்
சின்னச் சத்தம் எப்படியும் காதில் விழாது என்று
அது முடிவு கட்டும்.
விழாததை வைத்திருந்தால் இடம்தானே அடைக்கும்?
தள்ளிவிடும்.
கைதட்டலை எண்ணெயில் பொரிக்கும்,
வெண்கலத் தட்டை ஈரமணலில் இழுக்கும்.

"யாருடைய காதை வைத்து?"

சராசரிக் காது, என்றேன்.
இருபத்தாறு வருடமாகக் கடை நடத்துகிறேன்,
அப்படி ஒரு காது
இதுவரை என் வாசல் ஏறியதில்லை.

கைப்பையிலிருந்து அசல் தட்டை எடுத்தாள்.
ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், என்றேன்:
கோப்பு விட்டுவைத்தாலும் சாலை விடாது.
ஆணி பதித்த டயர், எண்பதில் ஓட்டினால்
வயோலாக்கள் மொத்தமும் தாருக்கே போய்ச்சேரும்.

"அப்படியானால் அணையுங்கள்."

எஞ்சினை அணைத்தேன்.
ஹீட்டரும் அடங்கியது.
கதவை அடைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்,
அறிமுகமாகி அரைமணி நேரம்கூட ஆகாதவர்கள்.

முதலில் வந்தது குளிர்.
பிறகு புல்லாங்குழல்கள்.
எங்கள் மூச்சு கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளுத்தது,
தெரு போனது, என் கடைப்பலகை போனது.
அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
எக்காளம் எழுந்தபோது
கம்பளி உறைக்குள்ளிருந்த வலதுகை
காற்றில் ஒரு விரற்கடை நகர்ந்தது —

ஊசிமுனை.
அவ்வளவுதான்.
பித்தளைச் சுவரில் யாரோ குத்திய துளை,
அதன் வழியே ஒரு துளி வெளிச்சம்.

"மறுபடி" என்றாள்.
அந்த இடத்துக்கு நேராக ஓட்டலாமே, என்று பொத்தானைத் தேடினேன்.
"எண்ணாமல் அடிக்க முடியாது."
ஒன்பது நிமிடம், முதலிலிருந்து.
என் கால்விரல்கள் இருக்கின்றனவா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ரசீதில் எழுதினேன்:
வலது ட்வீட்டர் பழுதில்லை. கூலி இல்லை.
அவள் காபிக்கென்று நாணயங்களை வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கி
என் காரில் ஏறி
தம்பி அனுப்பிய குரல்செய்தியைப் போட்டேன்.
சுவீடனில் மரக்கிடங்கு வேலை, காலேவி.
"எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்கிறான்.
பிறகு ஓர் இடைவெளி.
மூச்சுகூட மிச்சமில்லாமல்
துடைத்து வைத்த இடைவெளி.
பிறகு, "சரி, வைக்கிறேன்."

காலையில் ஓட்டிக்கொண்டே கேட்டபோது
அதில் ஒன்றும் இருக்கவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு இன்னொருமுறை கேட்டேன்.
அப்போதும் இல்லை. எந்தக் கணக்கில் போனதோ.

அவன் எண்ணை அழுத்தினேன்.
மணி அடிக்கிறது.
கண்ணாடி வெளுக்கிறது.
ஒன்று, இரண்டு, மூன்று
என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.